மகளுக்காக மலாக்காவில் பள்ளி தேடியது

கெடாவில், சுங்கைப் பட்டாணியில் நான் பதினேழு ஆண்டு வேலை செய்த மின்னணுத் தொழிற்சாலையில் எங்கள் பிரிவை மூடப்போகிறோம் என்று சொன்னபோது இரண்டு வழி கொடுத்தார்கள். வேலையை விட்டுப் போகலாம். அல்லது மலாக்காவில், பத்து பெரண்டாமில் இருக்கும் கிளைக்கு மாறிப் போகலாம். மாறிப் போகிறவர்களில் மூன்று பேருக்கு சூப்பர்வைசர் பதவி என்றும், அதில் என் பெயரும் இருக்கிறது என்றும் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை முடித்துக்கொண்டு, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே நாற்பதை நெருங்கிவிட்டவள் நான். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது சூப்பர்வைசர் என்ற அந்த ஒரு சொல்லையே மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கணவர் முடியாது என்று சொல்லவில்லை. அவருக்குக் கெடா மாநில அலுவலகம் ஒன்றில் கிளார்க் வேலை. மலாக்காவுக்கு மாற்றல் கேட்க வழியில்லை, வேலையை விட்டால்தான் வரமுடியும். அதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. மகளின் பள்ளியைப் பற்றித்தான் பேசினார். அவள் அப்போது மூன்றாம் ஆண்டு, ஒன்பது வயது. அவள் படித்தது அந்த வட்டாரத்தில் பெயரெடுத்த தமிழ்ப்பள்ளி. கதை சொல்லும் போட்டியில் மாவட்டம் வரைக்கும் போய்விட்டு வந்திருந்தாள். "நீ முன்னால போ. பள்ளிக்கூடத்தப் பாரு. இங்க உள்ள மாதிரி இருந்தா வருஷக் கடைசியில நாங்களும் வந்துடுறோம்," என்றார்.

அது நியாயமாகத்தான் பட்டது. அவர்கள் வருவதற்கு இன்னும் ஏழெட்டு மாதம் இருந்தது. நல்ல பள்ளியாகப் பார்த்து வைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்தேன்.

பாயா ரும்புட்டில் ஒரு குடியிருப்புத் தாமானில் அறை எடுத்துத் தங்கினேன். அதே வீட்டில் சிகாமட்டிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண்ணும் இருந்தாள், வேறு தொழிற்சாலையில் வேலை. என் ஷிப்டும் அவள் ஷிப்டும் ஒத்துவராது. பல நாள் அவள் கழுவிக் கவிழ்த்து வைத்த கப்பைப் பார்த்துத்தான் அவள் வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன்.

மலாக்காவுக்கு வந்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு பள்ளி உண்டு. மலாக்காவில் சனியும் ஞாயிறும் விடுமுறை. பிறந்ததிலிருந்து கெடாவில் இருந்த எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு சாதாரண வேலை நாள். இங்கே ஞாயிறு ஆனால் ஊரே குடும்பம் குடும்பமாக வெளியே கிளம்பிவிடும். எனக்கும் ஷிப்ட் இல்லையென்றால் தஞ்சோங் கிளிங் பக்கம் பஸ் ஏறிப் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். பக்கத்துப் பாயில் ஒரு குடும்பம் பொட்டலம் பிரித்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். மகளைக் கூப்பிடலாம் என்று கைப்பேசியை எடுப்பேன். மணி பத்து. அவளுக்கு இப்போது மூன்றாவது பாடம் நடந்துகொண்டிருக்கும் என்று மறுபடியும் பைக்குள் வைத்துவிடுவேன்.

நாலு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு என்று ஷிப்ட் சுழன்றதால் வார நாள்களிலும் எனக்கு ஓய்வு கிடைத்தது. அந்த நாள்களில் பள்ளி பார்க்கக் கிளம்பினேன்.

முன்பெல்லாம் இது சுலபம். ஆறாம் ஆண்டுச் சோதனையில் எத்தனை பேர் எல்லாப் பாடத்திலும் ஏ என்று கேட்டால் போதும், பள்ளியின் தரம் தெரிந்துவிடும் என்று எல்லாரும் நம்பினோம். இப்போது அந்தச் சோதனையே இல்லை. பிறகு எதை வைத்து ஒரு பள்ளியை இன்னொரு பள்ளியோடு ஒப்பிடுவது? கேண்டீன் சுத்தமாக இருக்கிறதா, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் பேசும் குரல் எப்படி இருக்கிறது என்று இவற்றைத்தான் நான் பார்த்தேன். நூலகத்தில் புத்தகத்தை இழுத்துப் பார்ப்பேன். பிள்ளைகள் கைபட்டுப் பட்டு ஓரம் மடங்கியிருந்தால் நல்ல பள்ளி என்று எனக்கு ஒரு கணக்கு.

முதலில் டவுனில் இருக்கும் பெரிய தமிழ்ப்பள்ளிக்குப் போனேன். எங்கள் ஊர்ப் பள்ளி மாதிரியே இருந்தது. அதே இரைச்சல், அதே மாதிரி சுவரில் திருக்குறள். நுழைந்தவுடன் எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் அங்கே இடம் இல்லை. நான்காம் ஆண்டில் எல்லா வகுப்பும் நிறைந்திருக்கிறது, யாராவது மாறிப் போனால்தான் சேர்க்க முடியும், பெயரை எழுதி வைத்துவிட்டுப் போங்கள் என்றார் அலுவலகத்தில் இருந்த பெண். எழுதினேன். எனக்கு மேலே ஏற்கெனவே பதினோரு பெயர்.

இரண்டாவது, தாமானுக்குப் பக்கத்திலேயே இருந்த, மலாய் வழியில் நடக்கும் தேசியப் பள்ளி. நடந்தே போகலாம். நல்ல மண்டபம், ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போட்ட பெரிய திடல். துணைத் தலைமையாசிரியை ஒரு மலாய்க்கார அம்மா. நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசினார். தமிழ் பாடம் உண்டா என்று கேட்டேன். பதினைந்து பிள்ளைகள் சேர்ந்தால் ஆசிரியர் கேட்கலாம் என்றார். இந்தியப் பிள்ளைகள் மொத்தம் எத்தனை பேர் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, விரலை மடக்கி எண்ணி, ஏழு என்றார். தமிழில் கதை சொல்லி மாவட்டம் வரை போன பிள்ளையை இங்கே கொண்டுவந்து விடுவதை நினைத்துப் பார்த்தேன். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மூன்றாவது பள்ளியைப் பற்றிச் சொன்னவள் சிகாமட்டுப் பெண்தான். அவளுடைய மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். பாயா ரும்புட்டைத் தாண்டிச் செம்பனை மரங்களுக்குள் நுழைகிற பாதை. முன்பு தமிழர்கள் வேலை செய்த தோட்டம். இப்போது லயத்து வீடுகளில் வெளிநாட்டு வேலைக்காரர்கள்தான் இருக்கிறார்கள். நம் ஆட்கள் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் வேனில் வருகிறார்கள்.

நான் பார்த்த மூன்றிலும் அழகான பள்ளி அதுதான். புதுப் பெயிண்ட் அடித்த ஒற்றைக் கட்டடம், குளிர்சாதனம் போட்ட நூலகம், பிள்ளைகள் நட்ட வெண்டைச் செடி. மொத்தம் இருபத்து மூன்று பிள்ளைகள். தலைமையாசிரியர் என்னைக் கூட்டிப்போய் ஒவ்வோர் அறையாகக் காட்டினார். தாழ்ப்பாள், கேண்டீன், எல்லாம் சரியாக இருந்தன. மூன்றாம் ஆண்டு என்று எழுதியிருந்த வகுப்பில் ஓர் ஆசிரியையும் ஒரு சிறுமியும் இருந்தார்கள். சிறுமி எழுந்து நின்று, ஒரு வகுப்பே சேர்ந்து சொல்வதைப் போல நீட்டி வணக்கம் சொன்னாள். மற்ற பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன்.

"இந்த ஆண்டுக்கு இவ ஒருத்திதான்," என்றார் தலைமையாசிரியர். சில பாடங்களுக்கு இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காருவாளாம். பிறகு வராந்தாவுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "உங்க பிள்ள வந்தா ரெண்டு பேராயிடும்மா. ஒண்ணுங்கிறது வேற, ரெண்டுங்கிறது வேற."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மூன்று மாதமாகத் தனி அறையில் இருந்தவளுக்கு, யாரோ ஒருவர் தன் பிள்ளையை இவ்வளவு எதிர்பார்ப்பது பெரிய விஷயமாக இருந்தது. வரும் சார் என்று சொல்லிவிட்டேன். கதவுக்குப் பக்கத்தில் நின்ற அந்தச் சிறுமிக்கும் அது கேட்டது.

அந்தச் சனிக்கிழமை கணவரிடம் மூன்று பள்ளியைப் பற்றியும் சொன்னேன். அன்று எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல விடுமுறை கிடைத்திருந்தது. மூன்றாவது பள்ளியைப் பற்றிச் சொல்லும்போது, வகுப்பு சின்னது, பிள்ளைகளைத் தனித்தனியாகக் கவனிக்கிறார்கள் என்றேன். எத்தனை பேர் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நூலகத்தையும் வெண்டைச் செடியையும் படமெடுத்து அனுப்பினேன். அந்த வகுப்பறையைப் படமெடுக்கவில்லை. இதைப் பொய் என்று அன்று நான் நினைக்கவில்லை. எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

அவர், "சரி, பாப்போம்," என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் வீடு பார்க்கத் தொடங்கினேன். தலைமையாசிரியரும் மாதம் ஒருமுறை கூப்பிட்டு, மாற்றல் விண்ணப்பப் பாரம் பூர்த்தி செய்தாகிவிட்டதா என்று தயக்கத்தோடு விசாரிப்பார். இன்னும் கொஞ்ச நாள் சார் என்பேன்.

மகளுக்குப் பள்ளியை நேரிலேயே காட்டிவிடலாம் என்ற யோசனை எனக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று எனக்கு ஓய்வு. கெடாவில் வெள்ளி விடுமுறை என்பதால் அவள் வீட்டில் இருப்பாள். மலாக்காவில் பள்ளி நாள். மோட்டாரை எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளைகளின் ஓய்வு நேரத்தில், தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, வாட்சப்பில் மகளைக் கூப்பிட்டேன். கணவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்.

அந்தச் சிறுமி என் பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். கைப்பேசியை அவளிடம் கொடுத்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு சிறுமி கைப்பேசியை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். இது நூலகம். இது வெண்டைக்காய், நான் நட்டது. இது பூனை, பள்ளிப் பூனை இல்லை, சும்மா வரும். அவள் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. என் மகளும் அங்கிருந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு மனம் நிறைந்துபோனது. ரொம்ப நாளுக்குப் பிறகு, சாப்பிடாமலேயே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

கடைசியாக வகுப்பறைக்குப் போனாள். அங்கே இரண்டு மேசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வைத்திருந்தார்கள். புது மேசை உனக்கு என்றாள்.

"மத்தவங்க மேசையெல்லாம் எங்க?" என்று என் மகளின் குரல் கேட்டது.

"மத்தவங்க யாரும் இல்லலா. நீயும் நானும்தான்."

கைப்பேசியில் சத்தம் நின்றுவிட்டது. இணைப்பு போய்விட்டது என்று சிறுமி என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். இணைப்பு போகவில்லை. என் மகள் திரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "ம்மா, அப்ப நா யார்கிட்ட கத சொல்றது?" என்று கேட்டாள். நான் வராந்தாவின் கோடிக்கு நடந்து போய், எல்லாருக்கும் சொல்லலாம், இருபத்து மூன்று பேர் இருக்கிறார்கள் என்றேன். சரிம்மா என்றாள். அந்தச் சரி எனக்குப் பழக்கமான சரி இல்லை.

மறுநாள் கணவர் கூப்பிட்டார். கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

"ஒரே ஒரு பிள்ளதானாமே. நீ சொல்லவே இல்லியே."

"சின்ன வகுப்புன்னு சொன்னேன்."

"சின்ன வகுப்புன்னா பத்துப் பேர், பன்னெண்டு பேருன்னு நெனச்சேன்." பிறகு சொன்னார். "நீ பாக்குறத அப்படியே சொல்வேன்னு நெனச்சுத்தான் உன்ன பாக்கச் சொன்னேன்."

தேசியப் பள்ளியைப் பற்றிப் பேச்செடுத்தேன். டவுன் பள்ளியில் பெயர் கொடுத்திருப்பதைச் சொன்னேன். பதினோரு பெயரில் இரண்டு கழிந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன், அதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிள்ளை இங்கேயே படிக்கட்டும், ஆறாம் ஆண்டு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். முன்பே எழுதி வைத்ததைப் படிப்பவரைப் போல நிதானமாகச் சொன்னார்.

அவர் முதலிலிருந்தே வரப்போவதில்லையா, அல்லது நான் மறைத்ததால்தான் வராமல் போனாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பல முறை கேட்க நினைத்து விட்டுவிட்டேன். ஒன்று அவர் தவறு, இன்னொன்று என் தவறு. எந்தப் பதில் வந்தாலும் அதோடு குடும்பம் நடத்தியாக வேண்டுமே.

ஏன் நான் திரும்பிப் போகவில்லை என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள், இன்னும் கேட்கிறார்கள். எனக்குக் கீழே பத்தொன்பது பேர் வேலை செய்கிறார்கள். ஒரு மெஷின் நின்றால் என்னைத்தான் தேடி வருகிறார்கள். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதை வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும். அதனால் ஒப்பந்தம் என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். ஒப்பந்தம் எதுவும் இல்லை.

தலைமையாசிரியரிடம் போனிலேயே சொல்லியிருக்கலாம். மனம் ஒப்பவில்லை. அடுத்த ஓய்வு நாளில் நேரில் போனேன். அவர் அலுவலகத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை பேனாவைக் கீழே வைக்கவில்லை. பிறகு மூடி வைத்துவிட்டு, "பரவால்லம்மா. பெத்தவங்க பிள்ளைக்கு எது நல்லதோ அதத்தான் பாக்கணும்," என்றார். அவர் கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்று பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

வெளியே வந்தபோது ஓய்வு நேரம். அந்தச் சிறுமி கேண்டீன் பெஞ்சில் உட்கார்ந்து மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் போகாமல் மோட்டாரை எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. போய் எதிரில் உட்கார்ந்தேன். அக்கா வரமாட்டாள் என்று சொன்னேன். இருவரும் ஒரே வயதுதான் என்றாலும், ஏனோ அன்று என் வாயில் அக்கா என்றே வந்தது.

அவள் அழவில்லை. மீயை முள்கரண்டியில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அங்க அவ வகுப்புல எத்தன பேரு ஆன்டி?"

"முப்பத்தாறு."

"அப்ப ரொம்பச் சத்தமா இருக்கும்லா," என்றாள். நான் ஆமாம் என்றேன். மணி அடித்ததும் தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வகுப்பு வரிசையில் நிற்க வேறு யாரும் இல்லாததால் நேராக வகுப்புக்கு நடந்து போனாள்.

அடுத்த ஆண்டு அவளுடைய அம்மாவும் அவளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார் என்று சிகாமட்டுப் பெண் சொன்னாள். எந்தப் பள்ளி என்று அவளுக்குத் தெரியவில்லை. என் மகள் இரண்டொரு வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளையைப் பற்றி விசாரித்தாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். டவுன் பள்ளியிலிருந்து ஒருநாள் எனக்குப் போன் வந்தது. நான்காம் ஆண்டில் இடம் காலியாகியிருக்கிறது, உங்கள் பெயர்தான் அடுத்தது, இந்த வாரத்துக்குள் சொல்லவேண்டும் என்றார்கள். அன்றைக்கு உடனே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் அவர்களே கூப்பிட்டபோதுதான் சொன்னேன்.

இதெல்லாம் நடந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது. மாதம் ஒருமுறை, சில சமயம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மலாக்கா சென்ட்ரலில் பஸ் ஏறி ஊருக்குப் போகிறேன். என் ஓய்வும் வெள்ளி, சனியில் அமைந்தால் இரண்டு நாளும் அவர்களோடு இருக்கலாம். மகள் என்னைவிட உயரமாகிக்கொண்டு வருகிறாள். நான் போனால் அவள் அறையில் பாய் விரித்துக் கொடுக்கிறாள், விருந்தாளிக்கு விரிப்பது போல ஓரமெல்லாம் இழுத்து நேராக்கி. சாப்பிட என்ன வேண்டும் என்று அவர்கள்தான் என்னைக் கேட்கிறார்கள்.

இப்போது அவள் ஆறாம் ஆண்டு. அடுத்த ஆண்டு இடைநிலைப் பள்ளி. ஆறாம் ஆண்டு முடிந்ததும் பார்க்கலாம் என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. போன தீபாவளிக்குப் போயிருந்தபோது பேச்சை அந்தப் பக்கம் திருப்பினேன். மலாக்காவில் நல்ல பெண்கள் பள்ளி இருக்கிறது, நான் போய் விசாரித்தேன், பார்த்ததை அப்படியே சொல்கிறேன் என்றேன். கணவர் முறுக்கைத் தட்டில் வைத்துக்கொண்டே தலையாட்டினார். மகள் தன் தோழிகள் மூன்று பேரும் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

போன வாரம் அவர்கள் இருவருமே போய், ஊரிலேயே இருக்கும் இடைநிலைப் பள்ளியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். நான் ஷிப்டில் இருந்தேன். வேலை முடிந்து லாக்கரைத் திறந்து கைப்பேசியை எடுத்தபோது ஆறு படங்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். திடல் நன்றாக இருந்தது. நூலகம் மேல்மாடியில். வகுப்பறையில் நிறைய மேசைகள். நல்ல பள்ளி என்று எழுதி அனுப்பினேன். மகள் ஒரு கட்டைவிரல் படம் போட்டாள்.